நுரைச்சியும் நான்கு இரும்பு ஆணிகளும்

காசிமேட்டில் சிவந்தியை ஊமை என்றே பலர் நினைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வாழ்க்கைப்பட்டது பொன்னுரங்கத்துக்கு. அவன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். அவள் பக்ருதீன் பாயின் காயலான் கடையில் உலோகம் தரம் பிரிக்கிறவள்.

உலகச் சண்டை முடிந்ததும் உடைந்த விமானங்கள் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கின. வெள்ளைத் துண்டுகளில் எது அலுமினியம், எது மக்னீசியம் என்று பிரிக்க சிவந்திக்கு ஒரு குவளை கடல்தண்ணீரும் ஒரு இரும்பு ஆணியும் போதும். துண்டைத் தண்ணீரில் போட்டு ஆணியால் தொடுவாள். அலுமினியம் சும்மா கிடக்கும். மக்னீசியம் பொங்கி நுரைக்கும். கடைப் பெண்கள் அதற்கு நுரைச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். இரும்பு போல்ட்டைக் கழற்றாமல் நுரைச்சியைக் குவித்தால், ஒரே மழையில் சல்லடையாகிவிடும்.

நாற்பத்தாறாம் வருஷம் ஆடியில் ஒரு மூட்டை சரிந்து பொன்னுரங்கத்தின் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒரு சின்னத் தகட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உடம்புக்குள்ளயே கரைஞ்சிடும்மா. எலும்பு சேர்ந்த பிறகு திரும்ப அறுத்து எடுக்க வேண்டாம்."

கனமே இல்லை. நுரைச்சி. பக்கத்துத் தட்டில் நான்கு இரும்பு ஆணிகள், திருகுமரையோடு. சிவந்திக்கு வார்த்தை தொண்டைவரை வந்தது. அதற்குள் டாக்டர் திரும்பிவிட்டார்.

தகட்டை உள்ளே வைத்துத் தைத்த ஒன்பதாம் நாள் காலையில் கால் வீங்கியிருந்தது. அழுத்தினால் கல்லுப்பை நசுக்கினாற்போல் தோலுக்கடியில் நறநறவென்றது. பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவருக்குப் பதிலாக இருந்த ஜார்ஜ் டாக்டருக்கு, அழுத்திப் பார்த்ததும் முகம் மாறியது.

"சதை அழுகி உள்ளே காத்து பிடிச்சிருக்கு. உயிர் வேணும்னா காலை எடுத்தாகணும். பதினோரு மணிக்கு."

அப்போது மணி ஒன்பதரை.

"கால் போச்சுன்னா மூட்டைய தலையால உருட்டவா?" என்றான் பொன்னுரங்கம். "இன்னாமே, மரமாட்டம் நிக்கிற? வாயத் தொறந்து எதுனா சொல்லேன்."

அவள் அவன் நெற்றியைத் தொட்டாள். சூடில்லை. குனிந்து காலை மோந்தாள். நாற்றம் இல்லை. காலையில் நாலு இட்லி தின்று, சட்னியில் உப்பில்லை என்று திட்டியும் இருந்தான். அழுகுகிறவன் இப்படியா இருப்பான்?

கடை ஒரு மைல். ஓடினாள்.

"இன்னாம்மா இது, வூட்டுக்காரன் ஆஸ்பத்திரில கீறான், நீ வேலைக்கு ஓடியாந்துகினு?" என்றார் பக்ருதீன் பாய்.

"நுரைச்சி ஒரு துண்டு குடு பாய்."

அவள் குரலைக் கேட்டு எத்தனை மாசமாயிற்றோ, பாய் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். ஆணி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டாள். கரையில் இறங்கித் தகரக் குவளையில் கடல்தண்ணீர் மொண்டாள்.

திரும்பியபோது தள்ளுவண்டி ஆபரேஷன் அறை வாசலுக்கு வந்துவிட்டது. சிவந்தி அதன் குறுக்கே நின்றாள்.

"நகரும்மா" என்றாள் நர்சு வரலட்சுமி.

"நுரைச்சி, டாக்டரய்யா. உள்ள நுரைச்சி கீது."

"யாரு நுரைச்சி? உன் பேரா?" நர்சு சிரித்தாள்.

சிவந்திக்கு முகம் எரிந்தது. தரையில் உட்கார்ந்து துண்டைக் குவளையில் போட்டாள். ஒன்றிரண்டு குமிழி எழுந்தது. ஆணியை அதன்மேல் வைத்தாள். தண்ணீர் கொதிப்பதுபோல் பொங்கியது.

"கால்ல வெச்ச தகடும் இதான். ஆணி இரும்பு. ரெண்டும் தொட்டுக்கினா காத்து வரும். உடம்புலயும் உப்புத்தண்ணி தான கீது? சதை அழுகலய்யா. மோந்து பாருங்க."

ஜார்ஜ் டாக்டர் குவளையையே பார்த்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக் குமிழிகள் ஆணிகளைச் சுற்றித்தான் மொய்த்திருந்தன. வீக்கத்தில் ஊசியைச் செருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. மோந்தார். வாடையே இல்லை.

"ஆணியையும் தகட்டையும் மட்டும் எடுக்கிறேன். உள்ளே சதை கறுத்திருந்தா காலை எடுத்துடுவேன். நான் நினைக்கிறது தப்புன்னா உயிரே போகலாம். சம்மதமா?"

சிவந்தி வண்டியைப் பார்த்தாள். பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

"சம்மதம்."

கதவு மூடியது. ஆணியை அவள் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் குழி விழுந்தது. பன்னிரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை.

ஒன்றரைக்கு டாக்டர் தட்டோடு வந்தார். நான்கு ஆணிகளும் பளபளவென்று இருந்தன. ஆணி நுழைந்த துளைகளைச் சுற்றித் தகடு செல்லரித்துப் பொடியாகியிருந்தது.

"சதை சிவப்பா இருக்கும்மா."

அப்போதுதான் சிவந்தி கையிலிருந்த ஆணியைக் கீழே வைத்தாள்.

ஐந்து மாதம் மாவுக்கட்டு. எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. அவன் சாய்ந்து சாய்ந்து நடந்தே மறுபடி துறைமுகம் போனான். கட்டுப் பிரித்த அன்று பெரிய டாக்டர் அவளிடம் கேட்டார்: "உனக்கு முன்னாடியே தெரியுமாமே. ஏம்மா சொல்லல?"

"வாய்வரைக்கும் வந்துச்சுங்க."

"அப்பவே துப்பியிருந்தா என்னிய ரெண்டு வாட்டி அறுத்திருக்க மாட்டாங்கல்லமே" என்றான் பொன்னுரங்கம். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

சிவந்தி சிரிக்கவில்லை. டாக்டரின் மேஜைமேல் அதேபோல் இன்னொரு தகடு இருந்தது.

"அதுக்கு இன்னா ஆணி போடுறீங்க?" என்று கேட்டாள்.