மாங்காய்த் தராசில் ஒரு பெட்டி

லாரிக்காகக் குடிபாலா மாங்காய் மண்டியில் காத்திருக்கிறேன். நர்ஸ் வேலைக்கு நியூசிலாந்து போகும் ஓர் அம்மா, மகளின் பெட்டியைத் தராசில் ஏற்றுகிறார். விமானத்துக்கான எடையைத் தாண்டிவிடுகிறது.

"கிரிக்கெட் மட்டைய எடுத்துடு."

"மட்டை வரலன்னா நானும் வரல," என்கிறாள் பதினைந்து வயது மகள்.

அம்மா முறைத்துவிட்டு ஊறுகாய் ஜாடியை வெளியே எடுக்கிறார். எடை சரியாகிறது. உடனே தராசுக்காரர், பழக்கத்தில், பெட்டிமேல் இரண்டு மாம்பழம் வைக்கிறார்.

"அண்ணா, மறுபடி ஏறிடுச்சே!" என்கிறேன்.

"கொசுறு வைக்காம என் கை சும்மா இருக்காதுப்பா."

மகள் சிரித்தபடி ஒன்றைக் கடிக்கிறாள். "இத வயித்துல எடுத்துக்கினு போறேன் மாமா!"

மற்றதை அம்மா தின்கிறார். ஜாடியை என்னிடம் நீட்டுகிறார்: "நீ துன்னு நைனா."

இந்த வாரம் எனக்கு வெறும் சோறும் இறங்கும்.