மைத்துனர் ஊரில் வந்த பஞ்சம்

அந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டில் தோற்றுப் பழக்கமில்லை. வேலை விட்டு வந்து, கை கழுவி உட்கார்ந்தால் மனைவி தொண்டை வற்றக் கூப்பிட்ட பிறகுதான் எழுவார். ஊர்களை உண்டாக்கி, வளர்த்து, பக்கத்து நாட்டை மடக்குகிற விளையாட்டு அது. அவசரம் கிடையாது. ஒருவர் தன் முறையை முடித்தால்தான் அடுத்தவர் முறை வரும்.

சாப்பாட்டுக் கடை நொடித்துப்போய் மனைவியின் தம்பி அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நல்ல கைப்பக்குவம் உள்ளவர்தான். எதிரில் பெரிய கடை ஒன்று வந்ததும் இவர் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. "ஊருக்கே ஆக்கிப் போட்டவன், இப்ப அக்கா கையால வாங்கித் திங்கிறேன்" என்று வந்த அன்று சொன்னதோடு சரி. பிறகு பேச்சே குறைந்துவிட்டது. தட்டில் வைத்ததில் பாதியை அப்படியே மூடி வைத்துவிடுவார்.

"ஏங்க, அவனையும் அந்த விளையாட்டுல சேத்துக்கங்க. கொஞ்சம் மனசு மாறட்டும்" என்றாள் மனைவி.

மெக்கானிக் சந்தோஷமாகவே சொல்லிக்கொடுத்தார். ஊரைச் சுற்றி வயலும் மலையும் இருக்கும். குடிகளை எங்கே வேலைக்கு விடுவது என்பது நம் இஷ்டம். வயலில் விட்டால் தானியம், மலையில் விட்டால் இரும்பு. தின்றது போக மிஞ்சிய தானியம் களஞ்சியத்தில் சேரும். களஞ்சியம் நிறைந்தால் ஊரில் ஆள் கூடும். வருவதைவிடத் தின்பது அதிகமானால் களஞ்சியம் வற்றும், பிறகு ஆட்கள் சாவார்கள்.

இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஆடினார்கள். மெக்கானிக் எப்போதும்போல ஆட்களை மலைக்கு அனுப்பிப் படை சேர்த்தார். மைத்துனரோ படை பக்கமே திரும்பவில்லை. ஆற்றோரமாக ஓர் ஊரை வைத்து, முதலில் களஞ்சியம் கட்டி, வாய்க்கால் வெட்டினார். அவர் ஊர் கிடுகிடுவென்று வளர்ந்தது. அதிலிருந்து ஆட்கள் கிளம்பிப்போய் வேறு ஊர்களும் உண்டாயின. வீட்டில் அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூடி வைக்கிற பழக்கம் போய் மறுசோறு கேட்டு வாங்கினார்.

"என்னங்க, உங்க ஊர்ல காக்கா குருவி மட்டும்தான் இருக்காமே?" என்று மனைவி கிண்டல் செய்தாள். மெக்கானிக்கும் சிரித்தார். ஆனால் அது சுருக்கென்று தைத்துவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் அக்காவும் தம்பியும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். திரையில் மைத்துனரின் முறை பாதியில் நின்றது. மெக்கானிக் சும்மா பார்க்கத்தான் உட்கார்ந்தார். ஆற்றோர வயலில் இருந்த ஆட்களில் சிலரை எடுத்து மலையில் விட்டார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார்.

மைத்துனர் புது ஊர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பழைய ஊர் தானாக ஓடும் என்று நம்பினார். மெக்கானிக் அதற்குப் பிறகும் ஆள் இல்லாத நேரம் பார்த்து இன்னும் சிலரை நகர்த்தினார். களஞ்சியம் காலியானது. பசியால் மக்கள் இறந்தார்கள் என்று திரையில் எழுத்து வந்தது. மைத்துனர் அதைப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"இங்கயும் பட்டினி போட்டுட்டேன் மாமா."

மெக்கானிக் அப்போதே சொல்லியிருக்கலாம். மாறாக, பெரிய மனுஷன் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊர் பெருசானால் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும் என்று புத்தி சொன்னார். மைத்துனர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிற்பாடு நினைத்தபோதெல்லாம் மெக்கானிக்குக்குத் தன் காதை மூடிக்கொள்ளத் தோன்றியது அந்தப் புத்திமதிக்காகத்தான்.

அந்த வாரமே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் வேலைக்கு மைத்துனரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. காரணத்தை மனைவிதான் கண் கலங்கச் சொன்னாள்: "'நோயாளிங்க வயிறு அக்கா, என்னை நம்பி விட வேணாம்'னு சொல்றான். விளையாட்டுல கூடத் தன்னால முடியலையாம்."

மெக்கானிக் பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே விட்டார். எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, மலையில் இருந்தவர்களை மறுபடியும் ஆற்றோரத்துக்கு மாற்றினார். அதுவும் திருட்டுத்தனம்தான் என்பது மாற்றி முடித்த பிறகே உறைத்தது. பார்க்க வேண்டியவரோ அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் மைத்துனர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார். "மாப்ள, உன் ஊரு தானா கெடல. நான்தான் ஆளுங்கள எடுத்து மலையில விட்டேன்."

 மைத்துனர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"எதுக்கு மாமா?"

"நீ ஜெயிச்சிட்டிருந்த."

ஒரு வசவு வந்திருந்தால் தேவலை என்றிருந்தது மெக்கானிக்குக்கு. மைத்துனர் திட்டவில்லை. "நான் எங்க தப்புப் பண்ணேன்னு நெனச்சு நெனச்சுப் பாத்துட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். தலைமை வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கீழே உதவி வேலைதான் இருந்தது. அதில் சேர்ந்து, தனியாக ஓர் அறையும் பார்த்துக்கொண்டார்.

நடந்ததைப் பற்றி அக்காவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியைத் தேற்றியது தன் வீட்டுக்காரர்தான் என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மெக்கானிக் ஏதாவது வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவார்.

மழைக்காலத்தில் அந்த மருத்துவமனைச் சமையலறைக் குளிர் அறை பழுதாகி, மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் மைத்துனர் தட்டு நிறையச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். "எங்க மாமா. ரொம்ப நல்ல மனுஷன்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னார். அதில் குத்தல் இருக்கிறதா என்று மெக்கானிக் அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை, மனதாரத்தான் சொன்னார். குத்தலாக இருந்திருந்தால் அந்த முகத்தை மறுபடி நிமிர்ந்து பார்க்க மெக்கானிக்கால் முடிந்திருக்கும். தட்டைப் பார்த்துக்கொண்டே, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.