மனோரஞ்சிதத்தின் குண்டுப் பூ

மனோரஞ்சிதத்துக்கு வாயே இல்லை என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பல பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வருவாள், பின்வரிசையில் இருப்பாள், கதிரைகளை மடித்து அடுக்கிவிட்டுப் போவாள். ஊரில் கொல்லப்பட்டவர்களுக்காக வைக்கும் ஆடி மாத நினைவுநாளில் மட்டும் அவளை மேடைக்குக் கூப்பிடுவார்கள். ‘அமரர் மாமாங்கம் அவர்களின் துணைவியார்’ என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஏறி விளக்கேற்றிவிட்டு இறங்கிவிடுவாள். மட்டக்களப்பில் ஆமிக்காரர் சுட்டு மாமாங்கம் செத்தது எண்பத்துநாலில். அடுத்த வருடம் அவள் கனடாவுக்கு, ரொறன்ரோ வந்தாள். அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பது சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் அவளும் ஸ்காபரோவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். பாங்குகளில் காசாளருக்கு முன்னால் நிறுத்துகிற தடித்த பிளாஸ்ரிக் தடுப்புகள்தான் அங்கே உற்பத்தி. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், ஆனால் துப்பாக்கிக் குண்டு தாண்டாது. உண்மையிலேயே தாண்டாதா என்று அறிய இடைக்கிடை ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் அது குப்பைக்குப் போய்விடும்.

ஒருநாள் மனோரஞ்சிதம் அப்படி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் நசுங்கிய ஈயம். அதைச் சுற்றி வெடிப்புகள் இதழ் இதழாக விரிந்திருந்தன. சுப்பவைசரிடம் கேட்டாள். குப்பைதானே, கொண்டு போ என்றான்.

வீட்டில் சமைக்கிற குசினி மேசையில் வைத்து ஓரங்களை அரத்தால் அராவினாள். தண்ணீர் தொட்டுத் தொட்டு மணல் தாளால் தேய்த்தாள். கடைசியில் பற்பசை பூசித் துணியால் மினுக்கினாள். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். மஞ்சள் கரைத்த தண்ணீரை வெடிப்புகளுக்குள் ஊறவிட்டாள். விளக்கின் முன்னால் வைத்தபோது அந்தத் தெளிவுக்குள் ஒரு மஞ்சள் பூ நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு வடிவு.

“சிவப்பு விட்டிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“எதுக்கக்கா? ரத்தம் நான் பார்த்தனான். இது பூ.”

அதோடு நிற்கவில்லை. ஒன்று, இரண்டு என்று சன்னல் விளிம்பு நிறையச் செய்துவிட்டாள். அதில் ஆகச் சிறந்ததை எண்பத்தேழாம் ஆண்டு வாணி விழாவுக்குக் கொண்டுபோனாள்.

எங்கள் சங்கத்து வழக்கம் இது. வாடகை மண்டபத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவரவர் கற்ற வித்தைக்கு உரியதை வெள்ளிக்கிழமையே வைத்துவிட வேண்டும். புத்தகமோ வயலினோ தையல் கத்தரியோ, வைத்தது வைத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. மனோரஞ்சிதம் வேலை முடிந்து நேரே போய் வயலினுக்குப் பக்கத்தில் தன் பூவை வைத்துவிட்டு வந்தாள். ஞாயிறு காலையில்தான் அது தலைவர் கனகசிங்கம் அண்ணையின் கண்ணில் பட்டது.

“ஆர் உதை உங்க வைச்சது?” என்று பூவைக் காட்டிக் கேட்டார்.

“நான்தான்,” என்றாள் மனோரஞ்சிதம்.

“பிள்ளை, உதுக்குள்ள குண்டெல்லோ கிடக்குது. நல்ல நாளில, அதுவும் நீர்…” மிச்சத்தை விழுங்கிவிட்டார். விழுங்கியது விதவை என்ற சொல்லை. அது மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் இரண்டு கையாலும் பூவைத் தூக்கினார்.

நான் சும்மா இருப்பேனா? “அண்ணை, போன வருசம் என்ர மகளுக்குத் திங்கள் சோதினை. கணக்குப் புத்தகத்தைத் தாங்கோ எண்டு கெஞ்சினன். வைச்ச பொருளை எடுக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டியள். பிள்ளை பெயில். இப்ப சட்டம் மாறிட்டுதோ?”

பின்னால் சிலர் சிரித்தார்கள். கனகசிங்கம் அண்ணைக்கு வைக்கவும் முடியவில்லை, கொண்டுபோகவும் முடியவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

“பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். இதை ஆடியில வைப்பம். மேடையில, நடுவில. பக்கத்தில மாமாங்கத்தின்ர படம் வைச்சு மாலையும் போடுவம். சனம் பார்த்து அழும்.”

மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பாவம், அவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை தெரியாது.

மனோரஞ்சிதம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“அவரைச் சுட்ட குண்டு அவரைக் கொண்டுபோட்டுது, அண்ணை. இது போக வழியில்லாமல் நிண்ட குண்டு. ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ. ஆடியில விளக்கேத்தக் கூப்பிடுங்கோ, வருவன். அது அவருக்கு. பக்கத்தில அவற்ர படம் இருந்தால் இதை ஒருத்தரும் பார்க்க மாட்டினம், என்னைத்தான் பார்த்து அழுவினம். இது நான் செய்தது. இதைப் பாருங்கோ.”

அவர் கையிலிருந்து பூவை வாங்கி முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள். சாய்ந்திருந்ததை நேராக்கினாள். பூசை செய்ய வந்திருந்த ஐயர் தலைவரின் முகத்தைப் பார்த்தார், தலைவர் நிலத்தைப் பார்த்தார்.

“நேரம் போகுது, ஐயா,” என்றாள் மனோரஞ்சிதம். “பூசையைத் துவங்குங்கோ.”

ஐயர் மணியைக் கையில் எடுத்தார்.