தலைப்பொங்கலுக்குப் போய் நான் கொண்டுவந்த பூச்சி

எண்ணூரில் என் மாமியார் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குமேல் சப்பாத்திக்கள்ளி வேலி. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில், பெட்டியைத் திறந்து நகையைக் காட்டுகிறவள் மாதிரி, மாமியார் எனக்கு அந்த வேலியைக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோ கண்ணு. இது மட்டும் இல்லேன்னா நம்ம மானம் கப்பலேறிப் பூடும்."

அவள் மிகைப்படுத்தவில்லை. வரிசையாக ஆறு வீடுகள். கிழக்கே இருநூறு அடி நடந்தால் கடல். மேற்கே அதைவிடக் கிட்டத்தில் ரயில் ரோடு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற வண்டிகளில் வாசற்படியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்து போவார்கள். ஆறு வீட்டுப் பெண்களுக்கும் குளிக்க, துவைக்க, சற்றே மூச்சு விட என்று இருந்தது அந்த வேலிக்கு உட்புறம் ஒன்றுதான். கடல் பக்கம் ஓர் ஆள் நுழையும் சந்து. மற்ற எல்லாப் பக்கமும் விரல் நீள முள். ஆடு நுழையாது, நாய் நுழையாது, ஆம்பிளைக் கண்ணும் நுழையாது.

பிறந்த வீட்டில் நான் குளித்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாலு கொம்பில் புடவையைச் சுற்றிக்கொண்டு, காற்று எப்போது தூக்குமோ என்று ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சொம்பு. பாதி உடம்பு நனையாது. இங்கே வந்துதான் முதன்முதலாக வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். புருஷனைப் பிடிப்பதற்கு முன்பே எனக்கு அந்த வேலியைப் பிடித்துவிட்டது என்றால் பொய்யில்லை.

மாமியார் ஒரு நாழிகை வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவள். விறகோடு பேசுவாள், பானையோடு பேசுவாள், போகிற ரயிலோடு பேசுவாள். ஆனால் நிஜமான பேச்செல்லாம் பக்கத்து வீட்டுப் பெரிம்மாவோடுதான். பெரிம்மா கருவாடு விற்கிறவள். கூடையைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூர், பொன்னேரி என்று சுற்றிவிட்டு வருவாள். மாமியார் அவளைத் தோஸ்து என்றுதான் சொல்லுவாள். காலையில் இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பீர்க்கங்காய் நாரால் முதுகு தேய்த்துக்கொண்டு, ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அலசி முடிக்க ஒரு மணி நேரமாகும்.

எனக்கு ஒரே ஒரு குறை. மருதாணி. அந்த உப்பு மண்ணில் மூன்று தடவை குச்சி நட்டேன், மூன்று தடவையும் கருகிவிட்டது. கையில் சிவப்பு இல்லாமல் புதுப்பெண் என்ன புதுப்பெண்? எங்கள் வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை பார்த்தார். கல்யாணத்தன்று என் விரலைப் பார்த்து, "நல்லா கீது" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னவர். அவருடைய வாயிலிருந்து அடுத்த வார்த்தையை வாங்க எனக்குச் சிவப்பு வேண்டியிருந்தது.

தலைப்பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா வீடு மணலிக்கு அந்தண்டை. அங்கே கள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். அதன் மடல்களில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல ஒரு பூச்சி. அந்தப் பஞ்சை விரலில் நசுக்கினால் ரத்தமாய்ச் சிவப்பு வரும். சின்ன வயதில் நாங்கள் அதை நகத்தில் பூசிக்கொள்வோம். இரண்டு நாள் நிற்கும். எண்ணூர் வேலியில் அந்தப் பூச்சி ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, எவ்வளவு பெரிய புத்திசாலி நான்! பஞ்சு அப்பிய மடல் ஒன்றை ஒடித்து, வாழை மட்டையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் பொங்கல் புடவைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தேன். கள்ளி எங்கே விழுந்தாலும் பிழைக்கும் அல்லவா? ரயில் பக்கத்து வேலியின் அடியில், காற்றுப் படாத இடமாகப் பார்த்துச் சொருகி வைத்தேன். வேண்டும்போது இரண்டு பஞ்சு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

எங்கள் பக்கத்தில் கள்ளி ஏன் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மாசியில் வேலியில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளி. பங்குனியில் ரயில் பக்கம் முழுக்க யாரோ சுண்ணாம்பு தெளித்த மாதிரி. மடல்கள் மஞ்சளாகித் தொங்கின. எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாடிய மடலைக் கொண்டுபோய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் காட்டினார். அவர் பேப்பர் படிக்கிறவர், நாலும் தெரிந்தவர். வந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இவர் சொன்னார்:

"கள்ளியே நம்மூருது இல்லியாம். எப்பவோ கப்பல்ல வந்துதாம். ஊரெல்லாம் காடா மண்டிப் போயி, நெலமெல்லாம் பாழாச்சின்னு சர்க்காரே சிலோன்லேந்து இந்தப் பூச்சியக் கொண்டாந்து உட்டுச்சாம். பூச்சியும் கள்ளி பொறந்த தேசத்துதுதானாம்."

"அப்போ பொறந்தவூட்டு சனமே தேடிக்கினு வந்து துன்னுதுன்னு சொல்லு" என்றாள் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டியில் விழுந்தது.

"இத்தினி வருசமா ஏன் இங்க வர்ல?" என்று மாமியார் கேட்டாள்.

"அதுக்கு றெக்கை இல்லியாம். குஞ்சு காத்துல மெதந்து போவுமாம். நம்ம பக்கம் நடுவுல உப்பங்கழி, உப்பளம். காத்தும் கடல்லேந்து அடிக்குது. மழை பெய்ஞ்சா பூச்சி கழுவிக்கினு பூடுமாம், வெயில்லதான் பெருகுமாம். இங்க தானா வந்திருக்காது, யாரோ கையில தூக்கிக்கினு வந்திருப்பாங்கன்னு சொன்னாரு."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் நான் அந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நான் உடைத்ததோ ஆறு வீட்டு மானம். கால் வைத்த நேரம் சரியில்லாதவள் என்று பெயர் விழுந்தால் செத்தாலும் போகாது. என் அம்மா வழியில் ஒருத்திக்கு அப்படிப் பெயர் விழுந்து, அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

நான் பயந்த பேச்சு இரண்டே நாளில் கிணற்றடிக்கு வந்துவிட்டது. ஆறு வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். கோடி வீட்டுக்காரி துணியைப் பிழிந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், "இத்தினி நாளா ஒண்ணும் இல்ல. புதுசா ஒரு கால் வந்துச்சி, வேலி பட்டுப்போவுது" என்றாள்.

மாமியார் குடத்தைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"காலாவது, கையாவது! எல்லாம் இவ கூடையில வந்துது!" என்று பெரிம்மாவைக் கையை நீட்டிக் காட்டினாள். "ஊரு ஊரா கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கினு சுத்தறா இல்ல? எந்தக் கள்ளிக்காட்டுல எறக்கி வெச்சாளோ, பூச்சிய இஸ்துகினு வந்துட்டா!"

"இன்னாமே சொன்னே? என் கூடையா? உன் கொள்ளிக்கண்ணு பட்டுத்தான்மே வேலி எரிஞ்சிது!"

அப்புறம் இரண்டு பேரும் பேசிய பேச்சை எழுத்தில் வைக்க முடியாது. கடைசியில் பெரிம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க ஓடிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பெரிம்மா கிணற்றடிக்கு வருவதை நிறுத்தினாள். மற்றவர்களும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டது ஊர். நான் தப்பித்தேன். த்தூ, அது ஒரு தப்பிப்பா!

சித்திரை, வைகாசி வெயிலில் பூச்சி பொங்கியது. வேப்பெண்ணெய் தேடினோம். கிருஷ்ணாயில் ரேஷன், விளக்குக்கே போதாது. சாம்பல் தூவினோம். துடைப்பத்தால் தேய்த்தோம், கையெல்லாம் முள்ளும் சிவப்பும். எது பூச்சியின் சிவப்பு, எது என் ரத்தம் என்று தெரியாது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் தேய்த்தேன். "பாரு, சின்னப்பொண்ணு எப்டி மாடா ஒழைக்குது" என்று கோடி வீட்டுக்காரியே என்னைப் புகழ்ந்தாள். அந்தப் புகழ்ச்சியில் நான் செத்துப் பிழைத்தேன்.

கடல் பக்கத்து வேலி மட்டும் அசையவில்லை. உப்புக்காற்று நாள் முழுக்க அறைகிற இடத்தில் அந்தப் பூச்சியால் ஒட்டிக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது. கடலுக்கு யார் மறைப்பு கேட்டார்கள்? ரயில் பக்கம்தான் ஆனியில் மொத்தமாகச் சரிந்தது. அழுகின மட்டைக் குவியலும் அதற்கு அப்பால் தண்டவாளமும்தான். ஓலைத் தட்டி கட்டினோம், காற்று பிய்த்தது. மறுபடி கட்டினோம். வண்டிச் சத்தம் கேட்டால் நனைந்த புடவையோடு கிணற்றுச் சுவருக்குப் பின்னால் குந்துவோம். ஒரு தடவை வண்டியிலிருந்து எவனோ விசிலடித்தான். மாமியார் தண்ணீர்ச் சொம்பையே விட்டெறிந்தாள். "உங்கூட்டுப் பொம்பளையப் பாத்து அடிடா, பேமானி!" சொம்பு தண்டவாளத்தில் பட்டு நசுங்கியது. வழக்கமாக இந்த மாதிரி ஒன்று நடந்தால் அவளும் பெரிம்மாவும் பத்து நாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று மாமியார் நசுங்கின சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். தன் முதுகைத் தானே எட்டி எட்டித் தேய்த்துக்கொண்டாள். நான் தேய்க்கிறேன் என்றதற்கு, "உனுக்கு வராது, உடு" என்றாள்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பினேன். அம்மா கொடுத்த முருங்கைக் கொம்பைக்கூட வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாத மழை. மிச்சமிருந்த மடல்களிலிருந்து பஞ்சு கரைந்து கரைந்து ஒழுகியது. மூன்றாம் நாள் பார்த்தால் வேலியை மழை பச்சையாகக் கழுவி விட்டிருந்தது. நின்றது கால் பங்குதான். மாமியார் பின்வாசலில் நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பின்வாசலில் பெரிம்மாவும் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏமே..." என்று அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தவள், கோடி வீட்டுக்காரி அவள் வாசலில் நிற்பதைப் பார்த்து, அப்படியே மூடிக்கொண்டாள்.

அந்த வாய் மூடியதை என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் மாமியார் படுத்ததும் மழையிலேயே பெரிம்மா வீட்டுக்கு ஓடினேன். "பெரிம்மா, நான்தான் கொண்டாந்தேன், அம்மா வீட்லேந்து நான்தான்..." என்று அழுதுகொண்டே காலில் விழப் போனேன். பெரிம்மா தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கய்தே, எனுக்குத் தெரியாதா? உன் மாமியா நீ சொருவுன மட்டைய மாசியிலயே பாத்துட்டா. புடுங்கிக் கடல்ல போட்டா. அதுக்குள்ள பரவிப் போச்சி. கெணத்தாண்ட சண்ட போட்டோமே, அதுக்கு மொத நாளே இங்க வந்து குந்திக்கினு, 'அந்தப் பொண்ணு பேர்ல பழி வந்தா ஆயுசுக்கும் ஒட்டிக்கும்மே. உனுக்கு வாய் கீது, தாங்குவே. நீ வாங்கிக்கோ'ன்னு என் கையப் புடிச்சிக்கினா. சரின்னேன். சண்டையில பாதியில சிரிப்பு வந்துடுச்சி, முந்தானையால அடைச்சிகினு ஓடியாந்தேன்."

"இத்தினி மாசமா பேசாம...?"

"ஆறு வூடும் பாத்துக்கினு கீதே. பேசுனா நம்புவாங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் காலை தூறலில் எல்லோரும் கிணற்றடியில் இருக்கும்போது சொன்னேன். பூச்சியை நான்தான் கொண்டுவந்தேன், நகத்துக்குப் பூச, பெரிம்மா கூடையில் ஒன்றும் வரவில்லை. கோடி வீட்டுக்காரி பிழிந்த துணியை மறுபடி பிழிந்தாள்.

மாமியார் எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த வீட்டில் நான் வாங்கின முதல் அடி.

"ஏழு மாசம்டி! ஏழு மாசம் என் தோஸ்தாண்ட பேசாத கெடந்தேன், ஒன்னியக் காப்பாத்த! ஒரு வார்த்தையில அல்லாத்தையும் ஒடைச்சிட்டியே, பாவி!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். பிறகு கோடி வீட்டுக்காரியின் பக்கம் திரும்பினாள். "இன்னா பாக்கறே? எம் மருமவதான் கொண்டாந்தா. அத்தொட்டு இன்னா இப்போ? வாயத் தொறந்தே, கெணத்துல தள்ளிடுவேன்."

எனக்கு அப்போது தோன்றியது: பெற்ற தாய்கூட எனக்காக அவ்வளவு நாள் பேசாமல் இருந்திருக்க மாட்டாள்.

மாமியார் ஈரப் புடவையோடு, வெற்றிலைப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, நேரே பெரிம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். நான் சோறு வடித்து, குழம்பு வைத்து, இரண்டு பேருக்கும் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். உள்ளே ஒரே சிரிப்பு, நசுங்கின சொம்பின் கதை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.