கொய்யா என்று நினைத்த கட்டை

பல்செட் செய்யும் கூடத்தில் வேலை என்பதால் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. "பல்லக்குல ஏறத்தான் கொடுத்து வைக்கல, பல்லக்காவாவது ஆனேனே" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் பல் அடுக்கி, வார்த்து, அராவி, மெருகேற்றிக் கொடுப்பது அவள் வேலை. புதிதாக யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் பல்தான் கண்ணில் படும். சிரித்துப் பேசுகிறவர்களின் கடைவாயை அவள் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, பாதிச் சிரிப்பிலேயே வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு.

கூடத்துக்குப் புது மெருகு மோட்டார் வந்தபோது, பழையதை முதலாளி அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் துணி துவைக்கும் அறையின் மூலையில் அது சும்மா கிடந்தது. ஒரு நாள் வீட்டுப் பின்னால் இருந்த எலுமிச்சையை அவள் கணவர் கழித்துக் குவித்தார். அவர் பஸ் டிரைவர். லீவு நாளில் எதையாவது வெட்டினால்தான் அவருக்கு லீவு போட்ட மாதிரி இருக்கும். குவியலைத் தாண்டிப் போனவள் ஒரு குச்சியின் வெட்டுவாயைப் பார்த்து நின்றாள். வெண்ணெய் நிறத்தில், பல்லைப் போலவே நெருக்கமாக இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள். குப்பை வண்டிக்குப் போக வேண்டிய குச்சிகளில் பாதி வீட்டுக்குள் வந்துவிட்டன.

"வீட்டுக்குள்ள காடு வளர்க்கப் போறியா?" என்றார் கணவர்.

"பேனா செய்யப் போறேன்."

"கடையில பேனாவே கிடைக்கலியா?"

பச்சைக் கட்டை காயும்போது வெடிக்கும் என்பதை முதல் தோல்வியில் தெரிந்துகொண்டாள். அடுத்த முறை, பல் அடுக்கும் மெழுகையே உருக்கி வெட்டுவாயில் பூசி, அலமாரிக்கு மேல் மாதக்கணக்கில் காய வைத்தாள். பிறகு விரல் நீளத்துக்கு அறுத்து, நடுவே துளையிட்டு, பித்தளைக் குழாயைச் செருகி ஒட்டி, மோட்டாரில் சுழலவிட்டு உளியால் கடைந்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல்லுக்குப் போடும் மெருகுப் பசையையே இதற்கும் போட்டாள். எத்தனை நாள் ஆனாலும் அந்த மெருகு பல்லிளிக்கவில்லை.

சேதி தெருவில் பரவியது. மாதுளை கழித்தவர்கள் மாதுளை கொண்டுவந்தார்கள். மல்லிகைப் பந்தலைப் பிரித்தவர்கள் அதன் அடித்தண்டைக் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு கட்டுக் குச்சியை இலையெல்லாம் உருவிச் சுத்தமாகக் கட்டிக் கொடுத்தார்.

"என்ன மரம்ணா?"

"சுவரோரம் எல்லாம் கலந்து கிடந்துது, ஆள் விட்டு வெட்டி உருவினேன்மா. கொய்யான்னு நினைக்கிறேன்."

அவளும் கொய்யா என்றே நினைத்துக் காய வைத்தாள்.

மழை பெய்த ஒரு விடுமுறை நாளில் அந்தக் கட்டை கடைசலுக்கு வந்தது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தாள். கூடத்தில் முகமூடி இல்லாமல் மோட்டார் பக்கமே போகமாட்டாள். வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. 'மரம்தானே' என்ற நினைப்பு. வெளிர்நிறக் கட்டை, உளிக்கு இதமாக இழைந்தது. மத்தியானம் சாப்பிட வந்த தம்பி, மேசைமேல் இருந்த பேனாக்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"அக்கா, இது எனக்கு."

அவன் கணக்கு வாத்தியார். சின்ன வயதிலிருந்தே பேனாவைக் கடித்துக் கடித்து முன்பல் உடைந்து, அதற்கு உறை செய்து மாட்டிவிட்டவளே அவள்தான். "எடுத்துக்கோ" என்றாள்.

சாயங்காலமே தலை கனத்தது. மழை நாள் அசதி என்று படுத்துவிட்டாள். விடிந்ததும் வாந்தி. நெஞ்சு ஒரு துடிப்பு துடித்து, அடுத்ததை மறந்து, பிறகு அவசரமாக இரண்டு துடித்தது. கணவர் டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு, டாக்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்து விசாரித்தார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க? புதுசா மாத்திரை ஏதாவது? என்ன வேலை செஞ்சீங்க?"

"பேனா கடைஞ்சேன்."

"எந்த மரத்துல?"

"கொய்யா."

"நிச்சயமா தெரியுமா?"

"எதிர்வீட்டு அண்ணா சொன்னார்" என்றாள் பல்லக்கா. கணவர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது, எதிர்வீட்டுச் சுவரோரம் ஒடித்த கிளை ஒன்று இலையோடு அவர் கையில் இருந்தது. நீள நீளமான இலைகள், நுனியில் ரோஸ் நிறப் பூ.

டாக்டரம்மா அதைத் தொடவில்லை. "இது அரளி. முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."

அரளி விஷம் என்பது பல்லக்காவுக்குத் தெரியாததா? பூவைப் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். இலை உருவிய குச்சிக்கு ஏது முகம்? தன் நெஞ்சு என்ன ஆகும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஒயர்களோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, தம்பி! அவன் பேனாவைக் கடிப்பாங்க!"

போன் அடித்துப் பார்த்தார்கள். அணைத்து வைத்திருந்தான். அன்றைக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கட்டுக் கட்டாகப் பேப்பர், கையில் பேனா. கேட்கவா வேண்டும்.

"நீங்க படுங்க" என்றார் டாக்டரம்மா. "மேல மெருகு போட்ட பேனான்னா கையில பிடிக்கிறதால ஒண்ணும் ஆயிடாது. ஆனா கடிக்கிறவர்னா உடனே வாங்கிடறது நல்லது."

பஸ்ஸை எப்போதும் நிதானமாக ஓட்டுகிற மனிதர், அன்றைக்கு ஸ்கூட்டரை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே நினைவில்லை. பேப்பர் திருத்தும் இடத்து வாசலில் காவலாளி மறித்தார்.

"உள்ள யாரையும் விடக்கூடாதுங்க."

"உள்ள ஒருத்தர் விஷப் பேனாவைக் கடிச்சுக்கிட்டிருக்கார்யா!"

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே ஓடினார். யார், எந்தப் பேனா என்றெல்லாம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கூடத்துக்கு நடுவே நின்று, "எல்லாரும் வாயிலேருந்து பேனாவை எடுங்க! விஷம்!" என்று கத்தினார். அவ்வளவுதான். எத்தனை கௌரவமான வாத்தியார்களின் வாயிலிருந்து பேனா விழுந்தது என்று பிறகு வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

தம்பி வெளியே வந்தான். அவன் பல்லிடுக்கில் நீல நிற பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது.

"அக்கா குடுத்த பேனா எங்க மாப்ள?"

"வீட்டுல, பீரோவுல. ஏன் மாமா?"

"வாயில வச்சியா?"

"அதையா? பல்லு கட்டின கையால செஞ்ச பேனாவைக் கடிச்சேன்னு தெரிஞ்சா அக்கா மிச்சப் பல்லையும் பேத்துடும். பயந்துக்கிட்டுப் பூட்டி வச்சிருக்கேன்."

கணவர் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "பீரோவுல இருக்காம். கடிக்கல" என்றார். அந்தப் பக்கம் பல்லக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம், அதன்பின் சிரிப்பு. சிரிக்கச் சிரிக்க, நெஞ்சில் ஒட்டியிருந்த கருவி கூவியதாம், நர்ஸ் ஓடிவந்தாராம்.

மறுநாள் அவள் நெஞ்சு ஒழுங்காகத் துடித்தது. இன்னும் ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அரளிக் கட்டையை எரிக்காதீர்கள், புகையும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதால், செய்த பேனாக்கள், மிச்சக் கட்டை, தூள் எல்லாவற்றையும் கணவர் ஆழக் குழி தோண்டிப் புதைத்தார். பீரோவில் இருந்ததைத் தம்பி மனசில்லாமல்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

எதிர்வீட்டுத் தபால்காரர் வாசலோடு நின்றார். "தப்பான விலாசத்துல குடுத்துட்டேன்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உள்ள வாங்கண்ணா. நானும்தானே பார்க்காம வாங்கினேன்" என்று அவரை உட்கார வைத்து டீ கொடுத்தாள்.

இனி அந்தப் பக்கமே போகமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் மோட்டார் மறுபடியும் ஓடியது. இப்போது இலையோடு வராத கட்டைக்கு அவள் வீட்டில் இடமில்லை. ஜன்னல் இரண்டும் திறந்திருக்கும், முகமூடி இருக்கும். லீவு நாளில் கணவர் வெட்டுவதை விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மோட்டார் சத்தம் கொஞ்சம் குறைந்தால் போதும்.

"இருக்கியா?"

முகமூடிக்குள்ளிருந்து குரல் வரும். "இருக்கேன், இருக்கேன். மாதுளைதாங்க!"