மாப்பிள்ளையின் உயரம்

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டாரின் பேரையும் ஊரையும் படித்ததும் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டேன். அந்த வீட்டிலிருந்துதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது அதே பையனுக்கு வாழ்க்கைப்படப் போகிறவள் ஆசிரியப் பயிற்சியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. வெளியில் யாருக்குமே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே. எங்கள் அறையில் இருந்த மற்ற இருவரும் எங்கள் ஊரான காவேரிப்பட்டினத்துக்கே வந்து என் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஒருத்தி வாயாடி. இன்னொருத்தி பஸ் சத்தம் கேட்டாலே வாந்தி எடுப்பவள்.

“போய்ட்டு வா. போகலைன்னாதான் பேச்சு வரும்” என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்குப் பெண் பார்க்க வந்தது பையனின் அம்மாவும் அத்தையும் மட்டும்தான். பையன் வேலையாக வெளியூர் போயிருந்தான். அவனுக்குப் பதிலாக ஒரு சணல் கயிறு வந்திருந்தது. நுனியிலிருந்து முடிச்சு வரைக்கும் பையனின் உயரம். சிற்றுண்டி சாப்பிட்டு, பின்கட்டில் கை கழுவி வந்தபிறகு, அந்த அம்மா என்னைச் சுவரோரம் நிற்கவைத்துக் கயிற்றைப் பிடித்தார். என் தலை முடிச்சுக்கு மேலே நாலு விரல் நின்றது. “ஐயோ, பொண்ணு ஒசரமா இருக்குதே” என்று இரண்டு பேரும் உச்சுக்கொட்டினார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்கள், அது ஞாபகம் வந்தது. அதன்பிறகு பள்ளிக்கூடத்திலும் நான் கூனித்தான் நடந்தேன். பிள்ளைகள் எனக்குக் கொக்கு டீச்சர் என்று பேர் வைத்திருந்தார்கள்.

ராயக்கோட்டை வரைக்கும் பஸ். அங்கே மாப்பிள்ளை வீட்டாரின் கூண்டு வண்டி காத்திருந்தது. வடக்கே ஏற ஏறக் காற்று மாறிவிட்டது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் முதுகு வேர்க்கும். இங்கே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். இரண்டு பக்கமும் வீடு உயரப் பாறைகள், அவற்றின் இடுக்கில் மரங்கள். பிறகு மூங்கில் அடர்ந்து பாதையே தெரியாமல் போயிற்று. வண்டிக்காரர் மாடுகளைத் தெலுங்கில் அதட்டினார், எதிரே விறகு சுமந்து வந்தவர்களிடம் கன்னடத்தில் விசாரித்தார், எங்களிடம் தமிழில் பேசினார்.

சானமாவுக் காட்டுக்குள் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, “பேசாத குந்துங்கம்மா. முன்னால யானை நிக்கிது” என்றார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூங்கில் முறியும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பாறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது காதை ஆட்டியது. ஒரு குட்டியும் இரண்டு பெரியவையும் பாதையைக் கடந்து, அவசரமே இல்லாமல் பள்ளத்தில் இறங்கின. வாயாடி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெரிய யானையைப் பார்த்து, நீ திரும்பி வந்து இந்த வழியை மறித்துக்கொண்டு நில், நாங்கள் ஊருக்கே திரும்பிவிடுகிறோம் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது என்னைச் சட்டை செய்யவில்லை.

“மாப்பிள்ளை இந்தக் காட்டு யானை மாதிரி இருப்பாரோ, குட்டி யானை மாதிரி இருப்பாரோ?” என்றாள் வாயாடி, உயிர் வந்ததும். குட்டைதான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றார். மற்ற இருவருக்கும் சந்தனம் பூசி, தன் விரலாலேயே குங்குமம் வைத்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு குங்குமச் சிமிழை என் பக்கம் நீட்டி, “நீயே வெச்சிக்க கண்ணு” என்றார். அடையாளம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. காது மடல் எரிந்தது. தோழிகள் எதையும் கவனிக்கவில்லை.

முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்றார். நான் வாயைப் பிளந்தேன். ஆள் பனைமரம். மணவறைத் தோரணத்தில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் நின்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மாமன் என் உயரம் இருப்பார். அவரே மாப்பிள்ளையின் காது வரைக்கும்தான் வந்தார். கெட்டிமேளம் முழங்கியது, எல்லாரும் அட்சதை போட்டார்கள். என் கையில் இருந்தது கையிலேயே இருந்தது. இரண்டு வருஷம் முதுகை வளைத்துக்கொண்டு நடந்தவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா என்னைக் கேழ்வரகு மூட்டை அடுக்கிய அறைக்குள் கூப்பிட்டார்.

“அவனைக் கண்ணாலயே அளந்தியே, பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“கயிறு பொய்தானே?” என்றேன்.

“கயிறு பொய்யில்ல. முடிச்சுதான் பொய்யி.” மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்குக் கை கழுவப் போனேன் இல்ல? உங்கப்பாதான் சொம்பு குடுத்தாரு. கைமேல போட்டிருந்த துண்டு நகந்துடுச்சு. வெரலைப் பாத்துட்டேன். அங்கயே முடிச்சை அவுத்துக் கீழ எறக்கிப் போட்டேன். வேற இன்னா சொல்லிட்டு எந்திரிக்கிறது, நீயே சொல்லு. பெருவியாதின்னு ஒரு வார்த்தை வெளிய போனா உன்னை எவன் கட்டுவான்? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது.”

அப்பாவின் இடது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கி, உணர்ச்சியில்லாமல் இருந்தன. வெளியூர் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

“யார்கிட்டயும் சொல்லல. மருமகளுக்கும் சொல்லமாட்டேன். நீ நிமுந்து நட” என்றார் அவர். சொல்லும்போது என் தோளைத் தொட வந்த கை பாதியில் நின்று, தன் முந்தானையைச் சரிசெய்தது. அந்த அம்மாவைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

திரும்பும்போது அதே காடுதான். வெயிலில் பாறைகள் பளபளத்தன, எங்கேயோ மயில் அகவியது. பஸ்ஸுக்குப் பயந்து முன்கூட்டியே சோர்ந்துபோன தோழி என் கையைப் பிடித்தபடி தோளில் சாய்ந்து தூங்கினாள். இவளுக்குத் தெரிந்தால் இந்தக் கையைப் பிடிப்பாளா என்று நினைத்தேன், மெதுவாக விடுவித்துக்கொண்டேன். என் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தேன். எல்லாம் வலித்தது. அப்பா அன்றைக்கு வீட்டில் இல்லாமல் வயலுக்குப் போயிருந்தால், அந்த வீட்டுக்கு நான்தான் மருமகளாகப் போயிருப்பேன் என்று தோன்றியது. தோன்றிய உடனே என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. என்னைப் படிக்கவைப்பதற்காக, இருந்த வயலில் பாதியை விற்றவர் அவர். அப்படிப்பட்டவரை ஒரு காட்டுப் பாதையில் வைத்து இல்லாமல் ஆக்கிப் பார்த்தேன். கல்யாணம் தட்டிப்போனபோதுகூட நான் இவ்வளவு வெட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா எனக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். யானை பார்த்த கதையைச் சொன்னேன். விருந்தைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். அவர் கேட்க நினைத்தது அதுவல்ல என்று தெரிந்தது. தண்ணீர் குடித்தார். துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார்.

“மாப்பிள்ளை ஒசரம் எப்படிம்மா?”

“குட்டைதான் அப்பா. பொண்ணு பக்கத்துல நின்னப்ப எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துச்சு. என் பக்கத்துல நின்னிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்.”

“நெசமாவா?”

“நெசமா.”

அப்பா தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தார். பிறகு, “நான் வேற என்னமோ நெனச்சுட்டு இருந்தேன்” என்றார். சொல்லிவிட்டு, என் எதிரிலேயே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கையால் தட்டைத் தாங்கிப் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனேன்.