கார்டு பெயரை மறைத்த கம்ப்யூட்டர் சென்டர்

1. கறுப்புத் திரை

பாறசாலையில் நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போன சென்டரின் முதலாளி சுகுமாரன் சார். வளைகுடாவில் குடோன் கணக்கு பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு உறுதியாகத் தெரிந்தது அதற்கு ஏ.சி. வேண்டும் என்பதுதான். அந்த ஏ.சி.யையும் கரண்ட் பில்லுக்குப் பயந்து போடுவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருட்டு விண்டோஸ் வைத்திருக்கும் கடைகளில் சோதனை நடக்கப்போவதாக ஒரு வதந்தி வந்தது. எங்களிடம் இருந்ததெல்லாம் அந்த வகைதான். ஒரு சனிக்கிழமை சார், பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி.யைப் போட்டு, எல்லா மெஷினையும் துடைத்தெடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கள்கிழமை பிள்ளைகள் வந்து ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் லாகின் என்று மட்டும் நிற்கிறது. உள்ளே போய்ப் படத்திரையைக் கொண்டுவரும் கட்டளையைக் கொடுத்தால் மானிட்டர் ஒருமுறை சிமிட்டிவிட்டு மறுபடி கறுப்பாகிறது. எங்கள் டிஸ்ப்ளே கார்டை லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று தியரி நடத்திச் சமாளித்தேன். மவுஸ் எப்படி இருக்கும் என்று, மேஜை மேல் மவுஸ் இருக்கும்போதே போர்டில் படம் வரைந்தேன். சாயந்திரம் ஒரு மாணவியின் அப்பா வந்தார். அடுத்த திங்களுக்குள் சரியாகாவிட்டால் மொத்த பேட்ச்சும் நெய்யாற்றின்கரையில் ஸ்டீபன் சார் நடத்தும் சென்டருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சுகுமாரன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"படம் வரலைன்னா நான் ஷட்டரை இழுத்துப் போட்டுட்டு அம்பூரிக்கு ரப்பர் வெட்டப் போவேனாக்கும். டீச்சர் வீட்டுல இருந்துக்கலாம்."

வீட்டில் இருப்பது எனக்கு லேசான விஷயமல்ல. களியக்காவிளையில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையை, வேலைக்குப் போகிறேன் என்ற ஒரே சாக்கில் நிறுத்தி வைத்திருந்தேன். வேலை போனால் சாக்கும் போய்விடும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

2. நண்பர் ஒருவருடைய கம்ப்யூட்டர்

லினக்ஸ்காரர்களின் ஈமெயில் குழு ஒன்றின் முகவரி அந்தப் பத்திரிகையிலேயே இருந்தது. யார் கேட்டாலும் யாராவது பதில் சொல்வார்களாம், காசு கிடையாதாம். காசு கிடையாது என்பது சாருக்குப் பிடித்தது. கேள்வியை எல்லோரும் படிப்பார்கள் என்பது பிடிக்கவில்லை. ஸ்டீபன் படித்துவிட்டால் மானம் என்னாவது? அதனால் கேள்வியை அவரே எழுதினார். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, குழுவின் தொண்டைப் புகழ்ந்து, என் நண்பர் ஒருவருடைய கம்ப்யூட்டரில் படம் வரவில்லை, ஆவன செய்யவும் என்று முடித்திருந்தார். ஊர் இல்லை, பெயர் இல்லை. கார்டு பெயரையாவது போடலாமே என்றேன்.

"போடப்பிடாது டீச்சரே. நானும் ஸ்டீபனும் ஒரே ஆளுக்கிட்டதான் சாதனம் வாங்கினோம். கார்டு பேரைக் கண்டா நாமதான்னு அவனுக்குத் தெரிஞ்சு போவும்."

ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்பவரை என்ன செய்வது? எங்கள் பக்கம் அப்போது பிரவுசிங் சென்டர் வரவில்லை. திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் அனுப்பினேன்.

மறுநாள் மறுபடி போனேன். பதில்கள் வந்திருந்தன. ஒருவர் மேனுவலைப் படி என்றார். இன்னொருவர், லினக்ஸ் என்று மொட்டையாகச் சொல்வது தவறு, முன்னால் வேறொரு பெயரையும் சேர்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அதற்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு ஒரு மறுப்பு. மென்பொருளின் விடுதலைக்காக இவ்வளவு சண்டை போடுகிறவர்களுக்கு எங்கள் மானிட்டர் ஞாபகம் இல்லை. ஒரே ஒருவர் மட்டும் ஒரு வரியில் கேட்டிருந்தார்: என்ன கார்டு?

சாரிடம் காட்டினேன். ஆள் உளவு பார்க்கிறான் என்றார்.

3. சொந்தப் பெயரில்

வியாழக்கிழமை அவரிடம் சொல்லாமல் போனேன். கார்டு பெயர், மானிட்டர் மாடல், திரையில் வந்த எரர் எழுத்துக்கு எழுத்து, சென்டர் பெயர், ஊர், கடைசியில் என் பெயர், எல்லாம் போட்டேன். எனக்கு லினக்ஸ் தெரியாது என்றும் எழுதினேன். காபி குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. எழுதியவர் ஸ்டீபன் சார்; அவர் சென்டரில் அப்போதே ஈமெயில் வசதி இருந்தது. அதே வதந்தி, அதே பயம், அதே கார்டு. அவரும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திண்டாடி, இதே குழுவில் முகம் தெரியாத ஒரு கல்லூரி மாணவரிடம் கேட்டுச் சரிசெய்திருக்கிறார். லினக்ஸுக்குக் கார்டை அடையாளம் காட்டும் கான்ஃபிக் ஃபைலை நாளைக்கே ஃப்ளாப்பியில் கொண்டுவருகிறேன் என்றிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரவுசிங் சென்டர்காரர் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து ஃபேனைக் கூட்டிவைத்தார்.

சுகுமாரன் சார் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். வருவது வரட்டும், பின்வாசல் வழியாக வரட்டும் என்றார். பின்வாசலில் கோழிக்கூடு இருந்தது. ஸ்டீபன் சார் முன்வாசலில் பைக்கை நிறுத்தி, ஊர் கேட்க "சாரே" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஃபைலைப் போட்டதும் திரை நீலமாக விரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். போட்டிக்காரருக்கு எதற்கு உதவுகிறீர்கள் என்று நான் கேட்டே விட்டேன்.

"நாளைக்கு எனக்க பிரிண்டர் முடங்கினா யாருக்கிட்ட போவேன் டீச்சரே? எனக்க சென்டரை விட்டா இந்தப் பக்கத்துல லினக்ஸ் உள்ளது இங்க மட்டுமாக்கும்" என்றார்.

திங்கள்கிழமை பேட்ச் முழுதாக வந்தது. வாசலில் புதுப் பலகை ஏறியிருந்தது. அதில் சார் தன் பெயருக்குக் கீழே லினக்ஸ் எக்ஸ்பர்ட் என்று எழுதச் சொல்லியிருந்தார். குழுவுக்கு நன்றி எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதண்டாம். எழுதினா நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிப்போவும்."

"தெரியாதுதானே சாரே."

எழுதினால் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எழுதினேன். சரிசெய்த வழியையும் வரிவரியாக, அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்படி சேர்த்தே அனுப்பினேன். மறுநாள் என் குடையை எடுத்து வரலாம் என்று சென்டருக்குப் போனேன். எக்ஸ்பர்ட் தெரியாமல் கேப்ஸ் லாக்கைப் போட்டுவைத்துவிட்டு, ஏற்காத பாஸ்வேர்டை அடித்து அடித்து வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பிள்ளைகள்.

"டீச்சர் வந்தாச்சா, இதை ஒண்ணு பாக்கணும்" என்றார்.

பாத்திரக்கடைக்காரர் வேறு பெண் பார்த்துக்கொண்டார். நான் அங்கே வருடக்கணக்கில் இருந்தேன். எனக்கு நிறையத் தெரியும் என்பதால் என்னை வைத்திருந்தார்கள் என்று இளையவர்கள் நினைக்க வேண்டாம். அந்தச் சென்டரில் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் அவருக்கு ஒருநாள் பிழைப்பு ஓடாது.